சரி, வரேன்

உருளைக்கிழங்கு எத்தனை என்பதிலேயே பாலுச்சாமி நின்றுவிட்டார். ஒருவருக்கு என்றால் இரண்டு போதும். இருவருக்கு என்றால் அதைப்போல இருமடங்கு என்றுதான் கணக்கு சொல்லும், ஆனால் திலகவதி நிறையச் சாப்பிடுகிறவள் இல்லை, அதோடு பஸ்ஸில் வந்தால் அவளுக்கு வயிற்றைப் புரட்டும், வந்ததும் சாப்பிட மாட்டாள், கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால்தான் உண்டு. வந்தால். தொட்டியில் கிழங்குகள் தண்ணீருக்கடியில் மண் கலைந்து கிடந்தன. ஒன்றை வெளியே எடுத்தார், மறுபடி உள்ளே போட்டார். இருவருக்காக அவர் எதையும் சமைத்ததில்லை. ஒருவருக்காகச் சமைக்கவே இந்த வருஷம் மாசியில்தான் கற்றுக்கொண்டார். மாசியில் போடியில் திலகவதியின் அக்கா செண்பகத்துக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது, துணைக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்று இவள் கிளம்பிப் போனாள். இப்போது வைகாசி. செண்பகம் கைத்தடி இல்லாமல் கடைத்தெரு வரை போய்வருகிறாள் என்று ஓசூரில் இருக்கும் மகன் சொன்னான். அவன் அதைச் செண்பகத்தைப் பற்றிய செய்தியாகச் சொன்னானா, அம்மாவைப் பற்றிய செய்தியாகச் சொன்னானா என்று இவர் யோசித்துக்கொண்டிருந்ததில் பதில் சொல்ல விட்டுப்போயிற்று, அவனும் வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டான். முழங்கால் சரியாகிவிட்டது, திலகவதி வரவில்லை. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அதைப் பற்றி யாரிடமாவது கேட்கலாம், சமாதானம் பேச ஒரு ஆளையாவது பிடிக்கலாம். நடக்காத சண்டைக்கு யாரைக் கூப்பிடுவது. அவள் போய்விட்டாளா, போயிருக்கிறாளா என்பது அவருக்கே தெரியாமல் மூன்று தமிழ் மாதங்கள் போய்விட்டன, இப்போது ஒரு கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்.

காலையில் அவள்தான் கூப்பிட்டாள். அவராகக் கூப்பிடுவது வழக்கமில்லை. கூப்பிட்டால் எப்போது வருகிறாய் என்று கேட்க வேண்டிவரும், கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. அவள் கேட்டது, ஃப்ரிட்ஜ் மேலே தன்னுடைய பழைய கண்ணாடி இருக்கிறதா என்று. போனைக் காதில் வைத்தபடியே போய்ப் பார்த்தார். கூடு தூசியோடு இருந்தது, திறந்தால் கண்ணாடி இருந்தது. இருக்கு என்றார். இருக்கட்டும் என்றாள். அங்கேயே இருக்கட்டும், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்ற இருக்கட்டுமா, இருந்துவிட்டுப் போகட்டும், இங்கே புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டேன் என்ற இருக்கட்டுமா. அதைப் பற்றி நினைப்பதற்குள் அவள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள். சரி, வரேன். சொல்லும்போதே இங்கே அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. விசில் நின்றபோது போனில் ஒன்றும் இல்லை. வரேன். வீட்டை விட்டுக் கிளம்புகிற எவரும் வரேன் என்றுதான் சொல்கிறார்கள். மின்கணக்கு எடுக்க வருகிறவர் சொல்கிறார், பழைய கட்டிலை விலைக்கு எடுத்துப் போனவன், இனி இந்தப் பக்கமே தலைகாட்டப்போகாதவன், அவனும் வரேன் சார் என்று சொல்லித்தான் கட்டிலைத் தூக்கினான். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் எழுந்து போவார்கள். அதனால் வரேன் என்பதற்குப் போகிறேன் என்று அர்த்தம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் திலகவதி எல்லாரையும் போலப் பேசுகிறவள் இல்லை. திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, ட்ரங்க் கால் ஒழிந்து, போர்டுகளையெல்லாம் கழற்றி எடுத்துப் போன பிறகும் அங்கேயே வேறு மேஜையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். போனில் வரேன் என்று முடிக்கிற சொந்தக்காரர்களை அவளுக்குப் பிடிக்காது. போனில் யார் எங்கே வந்தார்கள், யார் எங்கே போனார்கள், வைக்கிறேன் என்று சொன்னால் என்ன என்பாள். அப்படிப்பட்டவள் போனில் வரேன் என்றால் அது வருவதுதானே. இந்த இடத்துக்கு வந்து சேரும்போதெல்லாம் அவருக்கு மார்பில் ஏதோ இளகியது. உடனே செண்பகம் ஞாபகம் வந்தாள். செண்பகம் தவறான நம்பருக்குக்கூட வரேன் என்று சொல்லித்தான் முடிப்பாள். அவளோடு மாசியிலிருந்து ஒரே வீட்டில் இருந்தால் பேச்சு ஒட்டிக்கொள்ளாதா. இதற்கெல்லாம் முன்னால், விசில் இருக்கிறது. விசிலுக்கு நடுவே விழுந்தது வெக்கிறேன் என்பதாகவும் இருக்கலாம். அவருக்குக் கேட்டது முன்னால் ஒரு வ, கடைசியில் ஒரு 'ஏன்' ஓசை. நடுவில் இருந்தது என்ன என்று ஒரு காலைப்பொழுது முழுக்க யோசித்து, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து, தூக்கம் வராமல் எழுந்து, அவள் வந்தால் சாப்பிட ஏதாவது இருக்க வேண்டும் என்று சமையலறைக்கு வந்தபோதுதான் அடுக்குக் கிழங்கு ஞாபகம் வந்தது. ஐந்து கிழங்கை எடுத்துவிட்டார். ஐந்து என்பது யாருக்கும் சரியான எண்ணிக்கை இல்லை, அதனால் அதில் தப்பும் இல்லை.

அடுக்குக் கிழங்கு என்று பேர் வைத்தது அவள்தான். எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்த டாரத்தி மேடம் சொல்லிக்கொடுத்தது. இரவு ஷிப்ட் முடிந்து வருகிற நாட்களில், அடுப்பு முன்னால் நிற்க முடியாது என்று தோன்றுகிற நாட்களில், கிழங்கையும் வெங்காயத்தையும் வட்டம் வட்டமாக நறுக்கி, ஒரு வரிசை இது, ஒரு வரிசை அது என்று தகரத் தட்டில் அடுக்கி, வெண்ணெயும் உப்பும் மிளகும் போட்டு ஓவனுக்குள் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். இதில் என்ன இருக்கிறது, அது பாட்டுக்கு வேகும் என்பாள். ரசம் சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டால் வேறு எதுவும் வேண்டியிருக்காது. அடியில் கிடக்கிற வெங்காயம் கிழங்கோடு கரைந்து ஒருவித இனிப்பாக, மேலே இருப்பது ஓரம் கருகி மொறுமொறு என்று. அதைத் தின்ற வருஷங்களை நினைத்தால் நிறைய இருந்தன, செய்வதைப் பார்த்தது ஒரு தடவைகூட இல்லை. தோலைச் சீவ வேண்டுமா? வாயில் தோல் தட்டுப்பட்ட ஞாபகம் இல்லை, ஆகவே சீவினார். ஒரு கிழங்கில் முளை விட்டிருந்தது, பக்கத்தில் பச்சை. பச்சை விஷம் என்று எங்கேயோ படித்தது. குழி பறித்து எடுத்தார், எடுத்த பிறகும் பச்சையாகவே தெரிந்தது, இன்னும் எடுத்தார், கிழங்கு பாதியாகிவிட்டது. அதோடு எண்ணிக்கை நான்கரை ஆயிற்று. வட்டங்கள் ஒரே கனத்தில் வரவில்லை. சர்வேயராக இருந்த கை, வயல் வயலாகச் சங்கிலி பிடித்த கை, ஒரு கிழங்கை நேராக வெட்டத் தெரியவில்லை, ஒரு பக்கம் கண்ணாடி போல, மறுபக்கம் சப்பாத்திக் கட்டை போல. மெல்லியது சீக்கிரம் வெந்துவிடும், தடித்தது வேகாது. இரண்டும் ஒரே தட்டில் எப்படி ஒன்றாக முடியும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை, ஆனால் அவளுடையது முடிந்திருக்கிறது. நறுக்கியவை நிறம் மாறிச் செம்மண் போல ஆகின்றன என்று பயந்து தண்ணீரில் போட்டார், போட்ட பிறகு தண்ணீரில் போடலாமா என்று யோசித்தார். வெங்காயத்துக்கு வந்தபோது பெரிய பெல்லாரியாகப் பொறுக்கி எடுத்தார். உரித்தார், நறுக்கினார், கண் எரியவில்லை. அதுவே கவலையாகிவிட்டது. வெங்காயம் பழையதா, தன் கண்ணுக்குத்தான் ஏதாவதா. முகர்ந்து பார்த்தார், வாசம் இருந்தது. காதைப் போலக் கண்ணும் ஆகிவிட்டதோ. காதுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை, அவருக்குக் கேட்கும், நன்றாகவே கேட்கும். மகன் டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பார்த்தான், இந்த வயதுக்கு நல்ல காது என்று டாக்டர் சொன்னார். திலகவதி அதைக் கேட்டுவிட்டு முன்னால் நடந்து போனாள். காது கெட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றியது, கத்தி வெங்காயத்தில் பாதி இறங்கி நின்றது.

வெங்காய வாசம் ஜன்னல் வழியாகப் போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா ஜோசப்பின், காம்பவுண்டு சுவர் மேல் தலையை நீட்டினார். அந்த அம்மாவுக்கு இந்தச் சமையலறையில் எது நடந்தாலும் தெரிந்துவிடும், தெரிந்துகொள்வதில் ஒளிவும் கிடையாது. பாலுச்சாமியின் சாம்பாரை வாசத்தை வைத்தே, இன்னிக்கும் புளி அதிகம் சார் என்று சொன்னவர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என்ன சார், பெல்லாரியெல்லாம் பலமா இருக்கு, வீட்டுல வந்தாச்சா?" என்று கேட்டார். பாலுச்சாமி, "வர்றாங்க" என்றார். அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வாய் அதுவாகச் சொல்லிவிட்டது, அதுவும் ற அழுத்தமாக. எத்தனை மணி பஸ்ஸில் என்று ஜோசப்பின் கேட்டார். தெரியலை என்றார். நல்ல ஆளு சார் நீங்க, வத்தலக்குண்டு வழியா வந்தா தேர்க்கூட்டத்துல பஸ்ஸைச் சுத்தி விடுறாங்களாம், போன் பண்ணிச் சொல்லுங்க என்று ஒரு யோசனையும் சொல்லி, அம்மா வந்ததும் கூப்பிடுங்க, பார்த்து எவ்வளவு நாளாச்சு என்று தலையை எடுத்துக்கொண்டார். சுவர் மறுபடி வெறும் சுவராக நின்றது. இப்போது நிலைமை வேறாகிவிட்டது. காலையில் அது ஒரு சொல், அவருக்கு மட்டும் கேட்டது. கேட்காமலும் இருந்திருக்கலாம். இப்போது ஜோசப்பினுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரிந்தால் மாதா கோயில் தெரு வரை தெரியும். அவள் வராவிட்டால் ராத்திரி விளக்கு போடுகிற நேரத்தில் அந்தத் தலை மறுபடி எழும்பும், என்ன சார் பஸ் லேட்டா என்று கேட்கும். அதற்கு என்ன சொல்வது. அவர் ஈரக்கையோடு அடுப்படியில் நின்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். வர்றேன். இது வருவது. வரேன். இது போவது. வர்றேன் என்று சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் உரசுகிறது, ஆள் கதவருகே நிற்கிற மாதிரி இருக்கிறது. வரேன் என்பது வழுக்கிக்கொண்டு போகிறது. அவள் சொன்னது இதில் எது. நாலைந்து முறை மாற்றி மாற்றிச் சொன்னதில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கத் தொடங்கின, பிறகு இரண்டுமே சொல்லாக இல்லாமல் வெறும் சத்தமாகப் போய்விட்டன.

தகரத் தட்டில் வெண்ணெயைத் தடவினார். கிழங்கைத் துணியில் ஒற்றினார், ஒற்றும்படி யாரும் சொல்லவில்லை, ஈரத்தோடு வெண்ணெயில் வைக்க மனம் வரவில்லை. ஒரு வரிசை கிழங்கு, அதன் மேல் வெங்காயம், உப்பு. உப்பு வரிசைக்கு வரிசையா, கடைசியில் ஒரே தடவையா. வரிசைக்கு வரிசை என்று போட்டுக்கொண்டு வந்தவர் மூன்றாவது வரிசையில் இரண்டாவதற்குப் போட்டோமா என்று சந்தேகப்பட்டு, அடியிலிருந்து ஒரு வெங்காயத்தை உருவி நக்கிப் பார்த்தார். உப்பு இருந்தது, அது மேலே போட்டது வடிந்து இறங்கியதாகவும் இருக்கலாம். மிளகைத் தட்டித் தூவினார். பால் ஒரு கரண்டி ஊற்றுவாள் என்று ஏதோ நினைவு, அது இதற்கா வேறெதற்கா. ஊற்றினார். எல்லாவற்றின் மேலும் பளபளக்கும் அலுமினியத் தாளைப் போட்டு மூடினார், அது அந்தத் தட்டின் மேல் இருந்தது மட்டும் அவருக்கு நிச்சயமாக ஞாபகம் இருந்தது, ஏனென்றால் மேஜையில் வைத்து அவள் அதைப் பிரிக்கும்போது ஆவி அடித்து அவருடைய பேப்பர் நனையும், பேப்பரை அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்வார். பிறகு அவன். ஓவனை அவள் அவன் என்றுதான் சொல்வாள், அதுதான் சரியான உச்சரிப்பு என்று டாரத்தி மேடம் திருத்தியிருந்தார். அவன்ல இருக்கு எடுத்துக்கோங்க, அவனை அணைச்சீங்களா, அவன் சூடா இருக்கான் தொடாதீங்க. வேலைக்கு வந்த பெண்ணொருத்தி யாரும்மா அவன் என்று கேட்டுச் சிரித்தது உண்டு. திலகவதி கோபம் வந்தால் இந்த வார்த்தையை வைத்து விளையாடுவாள். இவரை விட அவன் தேவலை, முடிஞ்சா முடிஞ்சதுன்னு மணியடிச்சாவது சொல்றான் என்பாள். அதற்கும் அவர் ம் என்றுதான் சொன்னார். சிரித்திருக்கலாம், நல்ல பேச்சுத்தான். ம் என்பது பதில் இல்லையா? கேட்டுக்கொண்டேன், சரி, நீ சொல்வது நியாயம்தான், உன்னிஷ்டப்படி செய், இதெல்லாம் அதற்குள் இருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். மாசியில் அவள் கிளம்பிய காலையில் கார்ப்பரேஷன் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குழாயை டிரம்முக்குள் பிடித்துக்கொண்டு வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அவள் வாசலில் பையோடு நின்று ஏதோ சொன்னாள். ம் என்றார். திரும்பிப் பார்த்தபோது கேட் ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு என்ன சொன்னாள்? போயிட்டு வரேன் என்றுதான் சொல்லியிருப்பாள், போறேன் என்று எந்த மனுஷியும் சொல்ல மாட்டாள், அதுவும் வாசல்படியில் நின்று. ஆனால் சொல்லியிருந்தாலும் அதற்கும் அவர் ம் என்றுதான் சொல்லியிருப்பார், இதை நினைத்ததும் தட்டைப் பிடித்த கை உள்ளே போகாமல் நின்றது. அதற்கு முந்தின ராத்திரி அவள் வெகுநேரம் ஏதோ பேசினாள். பேசி முடித்து, நிறுத்தி, போர்டில் உட்கார்ந்திருந்தபோது லைன் சரியில்லாத ஊர்களுக்குப் பேசுகிற அதே குரலில், நான் பேசுறது கேக்குதா என்று கேட்டாள். அந்தக் கேள்வி அப்படியே காதில் இருக்கிறது. அதற்கு முன் பேசியது எதைப் பற்றி என்று எவ்வளவு தோண்டியும் வரவில்லை. ஏதாவது கேட்டாளா, ஏதாவது கேட்டு அதற்கும் இவர் சரி சொல்லிவிட்டாரா. எதற்குச் சரி சொன்னோம் என்று தெரியாமல் மாசியிலிருந்து அந்தச் சரிக்குள் குடியிருக்கிறோமோ.

தட்டை உள்ளே தள்ளிக் கதவை மூடினார். மூன்று திருகுகள் இருந்தன. ஒன்று சூடு, ஒன்று மேல்கம்பியா கீழ்கம்பியா என்பது, ஒன்று நேரம். எல்லாவற்றையும் வலப்பக்கம் திருகினார். உள்ளே கம்பி மெல்லச் சிவந்தது, நேரத்திருகு கிரிச் கிரிச் என்று நடக்கத் தொடங்கியது. நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தார். கண்ணாடி வழியாகத் தாள் மூடிய தட்டு ஏதோ பார்சல் போலத் தெரிந்தது. வெளியே வானம் இருண்டுகொண்டு வந்தது, கோடைமழை வரப்போகிறது, மலைப்பக்கம் இடி. மழை வந்தால் பஸ் தாமதமாகும். தாமதமானால் வருகிறாள் என்றே வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம். இப்படி நினைத்தது அவருக்கே வெட்கமாக இருந்தது. வராமல் இருப்பதைவிடத் தாமதமாவது நல்லது என்றால், மாசியிலிருந்து அவள் தாமதமாகிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். நாற்றம் வர ஆரம்பித்தது, நாற்றம் இல்லை, வாசம்தான், வெண்ணெயும் வெங்காயமும் ஒன்றாகிற வாசம், அவள் படுத்திருக்கும்போது வீட்டில் பரவுகிற வாசம். இந்த வாசம் வந்தால் உள்ளறையில் அவள் இருக்கிறாள் என்று அர்த்தம். திரும்பி உள்ளறையைப் பார்த்தார், பார்த்த பிறகு எதற்குப் பார்த்தோம் என்று எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்தினார். அந்தக் கணத்தில் கரண்ட் போயிற்று. மின்விசிறி இழுத்து இழுத்து நின்றது. கம்பியின் சிவப்பு கருத்தது. ஆனால் கிரிச் கிரிச் நிற்கவில்லை. அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். நேரம் கரண்ட்டில் ஓடவில்லை, சாவி கொடுத்த கடிகாரம் மாதிரி அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. நிறுத்தலாமா? நிறுத்தினால் திரும்ப எங்கே வைப்பது, எவ்வளவு வெந்திருக்கிறது, எவ்வளவு மிச்சம். கதவைத் திறந்தால் இருக்கிற சூடும் போய்விடும். திறக்காவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது தனக்குப் பழக்கமான காரியம் என்று தோன்றியது, உடனே எழுந்து நின்றார், நின்றும் ஒன்றும் செய்யவில்லை. மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது. பிறகு மணி அடித்தது. டிங் என்று, முடிந்தது என்று. கதவைத் திறந்து தாளின் ஓரத்தைத் தூக்கிக் கத்தியால் குத்திப் பார்த்தார். மேல் வரிசை இளகியிருந்தது, நடுவில் கத்தி கல்லில் பட்டது போல நின்றுவிட்டது. ஒன்றும் முடியவில்லை, மணி மட்டும் அடித்துவிட்டது. மறுபடி மூடினார். அரைவேக்காட்டுக் கிழங்கை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான். யாரைக் கேட்பான். சுவருக்கு அந்தப் பக்கம் ஜோசப்பின் இருக்கிறார், கேட்கலாம், ஆனால் தான் கேட்க வேண்டியது கிழங்கைப் பற்றி இல்லை. போனை எடுத்தார். அவள் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினார், அவராகக் கூப்பிட்டுப் பழக்கமில்லாததால் அது அடியில் எங்கோ கிடந்தது, கண்டுபிடித்து அழுத்திவிட்டார், அழுத்திய பிறகுதான் பயம் வந்தது.

"சொல்லுங்க" என்றாள் திலகவதி. குரல் கிட்டத்தில் இருந்தது. பின்னால் பஸ் சத்தமில்லை, மழைச் சத்தமில்லை, செண்பகத்தின் வீட்டுக் கடிகாரச் சத்தம் இருந்தது. அவருக்கு விஷயம் அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் வரவில்லை. ஆனாலும் கூப்பிட்டாயிற்று, கிழங்கைப் பற்றிச் சொன்னார். கரண்ட் போனது, மணி அடித்தது, நடுவில் கத்தி இறங்காதது, எல்லாவற்றையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொன்னார், இவ்வளவு நீளமாகத் தான் பேசுவது அவருக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது. அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், தட்டை வெளியே எடுக்காதீர்கள், கரண்ட் வந்ததும் மறுபடி நேரத்தைத் திருகுங்கள், கடைசியில் தாளை எடுத்துவிட்டு மேல்கம்பியைப் போடுங்கள், ஓரம் சிவக்கும் என்றாள். பால் ஊற்றினீர்களா என்றாள். ஊற்றினேன் என்றார். அதுகூடத் தெரிந்திருக்கிறதே என்றாள். பிறகு, "எத்தனை கிழங்கு போட்டீங்க?" என்று கேட்டாள்.

"நாலரை."

"நாலரையா? யாருக்கு?"

மழை அப்போது நன்றாகப் பிடித்துவிட்டது. கேட்காதது போல இருந்துவிடலாம், மழை என்று சொல்லிவிடலாம். "நீ வரேன்னு சொன்னியே, காலைல" என்றார்.

"சொன்னேனா?" என்றாள். சொன்னே என்றார். எப்படிச் சொன்னேன் என்று கேட்டாள். அவர் சொல்லிக்காட்டப் பார்த்தார், வாயைத் திறந்து எந்த மாதிரிச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். விசில் அடிச்சுது, சரியா விழலை என்றார்.

"எனக்கே தெரியலைங்க" என்றாள் அவள். "சொல்லி வெச்சப்புறம்தான் உறைச்சுது, போன்ல போயி வரேன்னு சொல்லிட்டமேன்னு. அக்கா மாதிரி சும்மா சொன்னேனா, நெனச்சுத்தான் சொன்னேனான்னு மத்தியானம் பூரா அதுதான். அக்கா கேக்குறா, கிளம்புறியாடின்னு. இல்லேன்னுட்டேன். இல்லேன்னுட்டுப் பையை எடுத்துக் கட்டில் மேல வெச்சேன். அதுல ஒரு சேலைகூட இன்னும் வைக்கலை. அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவருக்கு அந்தப் பை தெரிந்தது. பச்சைப் பை, பக்கவாட்டில் ஜிப் போனது. அது வாயைத் திறந்துகொண்டு கட்டில் மேல் இருந்தது. தான் மட்டும்தான் நடுவில் விட்டுப்போன எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார். "வர்றியா?" என்றார்.

"இப்ப கேக்குறீங்களா, கூப்பிடுறீங்களா?"

இரண்டும் வேறு வேறா என்று ஒரு கணம் குழம்பினார். வேறுதான். கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டும். கூப்பிட்டால் சொல்லியாயிற்று, அப்புறம் அவர் நிற்கிற இடம் இதுதான் என்று ஆகிவிடும். கல் நட்டது போல. இத்தனை வருஷத்தில் அவளை எதற்காவது கூப்பிட்டிருக்கிறோமா என்று யோசித்தார், அவள் எப்போதும் பக்கத்திலேயே இருந்தாள், கூப்பிட வேண்டிய தூரத்தில் இருந்ததே இல்லை. "கூப்பிடுறேன்" என்றார். மழையில் கேட்டிருக்குமோ என்று மறுபடி ஒரு முறை சொன்னார்.

கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது, ஃப்ரிட்ஜ் உறுமியது, அவர் ஒரு கையில் போனோடு நேரத்தைத் திருகினார், கரண்ட் வந்திருச்சு என்று அவளிடம் சொன்னார், கம்பி செவக்குது என்றும் சொன்னார். அவன் கிட்ட கையை வைக்காதீங்க என்றாள். பிறகு வேறு குரலில், வழக்கமாகக் கடைக்குப் போகும்போது சொல்கிற குரலில், "எனக்கும் கொஞ்சம் வைங்க" என்றாள்.

"வைக்கிறேன்" என்றார் பாலுச்சாமி.

போன் நின்றுவிட்டது. முதலில் அவருக்குப் புரியவில்லை, ஹலோ என்றார், திலகா என்றார், திரை இருண்டு அதில் தன் மூக்கு தெரிந்தது. பிறகு புரிந்தது. கிழங்கை எடுத்து வைக்கிறேன் என்று சொன்னது போனை வைக்கிறேன் என்று போய் விழுந்துவிட்டது. கூப்பிட்டுவிட்டு, அவள் வாய் திறந்த நேரத்தில் நான் வைக்கிறேன் என்று சொன்னவராக ஆகிவிட்டார். வைக்கிறேன் என்றால் வைத்துவிடுவாள், அவளுக்குத் தொழிலே அதுதான். நாளைக்குப் பேசிச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவளாகக் கூப்பிடுவாள் என்றும் தோன்றியது. அது தோன்றியபோது அவருடைய விரல் அவள் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது, இம்முறை மேலேயே இருந்தது. ஒரே மணியில் எடுத்தாள்.

"கிழங்கைச் சொன்னேன்" என்றார் மூச்சு வாங்கியபடி. "போனை இல்லை."

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சு எதுக்கு வெச்சே?"

"திரும்பக் கூப்பிடுறீங்களான்னு பாத்தேன்."

அவருக்கு ம் என்று வந்தது. அதை விழுங்கிவிட்டு, எந்த பஸ் என்று கேட்டார்.